ஊர்ப் பெயர் போட்ட சட்டை

2024 மே மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு அந்த மின்னஞ்சல் வந்தது. நாலே வரி. இந்த வருடம் போட்டி கடுமையாக இருந்தது, உங்கள் மகளுக்கு அணியில் இடம் தர முடியவில்லை, எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் ரெக் லீகில் அவள் தொடர்ந்து விளையாட வாழ்த்துகிறோம், நன்றி. மகளுக்கு அப்போது பத்து வயது. மூன்று வருடமாக அந்தக் கால்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். அலமாரியில் தொங்கிய அவளுடைய நீலச் சட்டையில் எங்கள் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கிளப்பின் பெயர் அதற்குக் கீழே சின்னதாக.

பள்ளிக்குப் போகும் முன் சொல்ல வேண்டாம் என்றாள் மனைவி. மறுநாள் சாயங்காலம் சொன்னேன். மகள் அழவில்லை. காலணிப் பையைத் திறந்து, முன்னங்காலில் கட்டும் கவசமான ஷின் கார்டை வெளியே எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாள். பிறகு கேட்டாள்: "எனக்குப் பதிலா யாருப்பா வர்றாங்க?"

எனக்குப் பதில் தெரியும். அந்த அணிக்கு நான்தான் மேனேஜர். சம்பளமில்லாத வேலை. அட்டவணை அனுப்புவது, வீரர் அட்டைகளை அச்சிட்டு வைப்பது, போட்டிகளுக்குப் பதிவது, நடுவருக்குத் தர வேண்டிய பணத்தை உறையில் போட்டு எடுத்துப் போவது. அணித் தேர்வான டிரைஅவுட்டுக்கு ஐந்து வாரம் முன்பு ஒரு வார இறுதிப் போட்டிக்காக, 'கெஸ்ட் பிளேயர்', அதாவது அந்தப் போட்டிக்கு மட்டும் வந்து ஆடுபவர்கள் என்று இரண்டு பெண்களைச் சேர்க்கச் சொன்னார் கோச். இருவரும் வேறு வேறு ஊர். ஒருத்தி வீட்டிலிருந்து எங்கள் மைதானத்துக்குக் காரில் நாற்பது நிமிடம். படிவத்தை நிரப்பியதும், பிறப்புச் சான்றிதழ்களைப் பதிவேற்றியதும், அவர்கள் பெற்றோருக்கு வரவேற்பு மின்னஞ்சல் எழுதியதும் நான்தான். அந்த வாரம் எங்கள் அணியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது, அதற்காகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

மே மாதம் டிரைஅவுட் நாளில் அந்த இரண்டு பேரும், இன்னும் நான்கு புதுப் பெண்களும் வந்து நின்றார்கள். கோச் ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் பெண்கள் முதுகில் எண் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடினார்கள். அந்த ஆறு குடும்பங்களில் நான்கு குடும்பங்களுக்கு ஏப்ரலிலேயே இடம் உறுதி என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அவர்களே இதை என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்கள். அவர்களுக்கு அதில் மறைக்க ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான் நடக்கிறது.

பதின்மூன்று பேராக இருந்த அணியிலிருந்து ஐந்து ஊர்ப் பெண்கள் போனார்கள். ஆறு பேர் வந்தார்கள். புது அணி பதினாலு பேர். சட்டையில் அதே ஊர்ப் பெயர்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்கும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். நாங்கள் இருப்பது நியூஜெர்சியின் நடுப்பகுதி. இங்கே அநேகமாக ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு கால்பந்து கிளப் உண்டு. அதில் இரண்டு அடுக்கு. கீழே ரெக் லீக். பணம் கட்டிய எல்லாக் குழந்தைக்கும் இடம், எல்லோருக்கும் ஆட்டம், பெற்றோரே கோச். 1964-இல் கலிஃபோர்னியாவின் டோரன்ஸில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற அமைப்பு நாடு முழுக்கப் பரப்பிய எண்ணம் இது. பதிவு செய்த ஒவ்வொரு குழந்தையும் குறைந்தது பாதி ஆட்டமாவது களத்தில் இருக்க வேண்டும், அணிகளை ஒவ்வொரு வருடமும் கலைத்துச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. மேல் அடுக்கு டிராவல் டீம். டிரைஅவுட் வைத்து எடுப்பார்கள், சம்பளக் கோச் இருப்பார், சனி ஞாயிறுகளில் மற்ற ஊர்களுக்குப் போய் ஆடுவார்கள்.

நாங்கள் ரெக்குக்குக் கட்டியது ஒரு பருவத்துக்கு 130 டாலர். டிராவலுக்கு ஆண்டுக்கு 1,450 டாலர். சீருடை தனி, வெளிப் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் தனி. போட்டி நடத்துபவர்கள் சொல்லும் ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு சில இடங்களில் உண்டு. இது எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் நடத்தும் புராஜெக்ட் பிளே ஆய்வின்படி, 2024-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று ஒரு குழந்தையின் முதன்மை விளையாட்டுக்குச் சராசரியாகச் செலவழித்தது 1,016 டாலர். 2019-ஐ விட 46 சதவீதம் அதிகம். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் ஏன் உள்ளூர்க் குழந்தையை விட்டுவிட்டு நாற்பது நிமிடத்துக்கு அப்பால் ஆள் தேடுகிறார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கோச் கெட்டவர் என்று முடித்துவிடலாம். அவர் கெட்டவர் இல்லை. மழையில் நனைந்துகொண்டு என் மகளுக்குக் காலணி நாடா கட்டிவிட்ட மனிதர்.

லீகில் அணிகளைத் திறமைப்படி 'ஃப்ளைட்' என்று அடுக்கியிருப்பார்கள். மேல் ஃப்ளைட்டில் இருக்கும் அணியைத்தான் பெற்றோர் தேடி வருகிறார்கள். பெற்றோர் வந்தால்தான் கட்டணம். ஒரு வருடம் கீழே இறங்கினால் அணியின் முதல் இரண்டு ஆட்டக்காரர்களைப் பக்கத்துப் பெரிய கிளப் தூக்கிவிடும். அந்த இரண்டு பேரும் போன அணி அடுத்த வருடம் இன்னும் இறங்கும். எங்கள் அணியில் நடந்ததும் அதுதான். 2023 இலையுதிர் பருவத்தில் கோல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணும், நடுக்களத்தில் ஆடிய இன்னொருத்தியும் பெரிய கிளப்புக்குப் போகப்போகிறார்கள் என்று ஜனவரியிலேயே பேச்சு வந்துவிட்டது. கோச்சுக்குப் பயம். அந்த ஓட்டையை அடைக்க அவர் தன்னைவிடச் சின்ன கிளப்புகள் பக்கம் திரும்பினார். அங்கே விழுந்த ஓட்டையை அடைக்க அவர்கள் யார் பக்கம் திரும்பினார்களோ.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. கெஸ்ட் பிளேயராக வந்த இருவரில் ஒருத்தியின் அம்மாவோடு ஒரு நாள் வாகன நிறுத்தத்தில் அரை மணி நேரம் பேசினேன். மகள் அணியிலிருந்து விலக்கப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. மேனேஜர் பொறுப்பைப் புதியவரிடம் ஒப்படைக்கக் கோப்புகளை எடுத்துப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு என் மகளை நினைவிருந்தது. தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவர்கள் ஊர் கிளப்பிலும் முந்தின வருடம் வெளியிலிருந்து நான்கு பேர் வந்தார்களாம். அவருடைய பெண்ணுக்குப் பெஞ்ச். ஒரு மேட்ச்சுக்கு ஏழு எட்டு நிமிடம்தான் ஆட்டம். அதனால்தான் எங்கள் கோச் கூப்பிட்டதும் வந்தார்களாம். செவ்வாயும் வியாழனும் வேலையிலிருந்து நேராக மகளைப் பள்ளியில் ஏற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் ஓட்டி வருகிறார். அந்தப் பெண் காரிலேயே சாப்பிட்டு, காரிலேயே வீட்டுப்பாடம் செய்கிறாள். வீட்டுத் தெருவில் யாரோடும் பந்து ஆட நேரமில்லை.

அதுவரை என் மனதில் 'வெளியூர்ப் பெண்' என்று ஒரு உருவம் இருந்தது. அன்றைக்கு அது கலைந்தது. என் மகளுக்குப் பதிலாக வந்தவள் இன்னொரு ஊரின் என் மகள். அந்த ஊரில் அவளுக்குப் பதிலாக வந்தவளும் அப்படித்தான் இருப்பாள்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. என் மகள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. பந்து இடது காலுக்கு வந்தால் வலது காலுக்கு மாற்றிக்கொள்வாள். அந்த ஒரு நொடியில் எதிரணிப் பெண் வந்துவிடுவாள். கோட்டுக்கு வெளியே நின்று கோச் "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்துவார். மூன்று வருடம் கத்தினார். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட இருபது நிமிடம் ஒதுக்கி, சுவரைப் பார்த்து நிற்க வைத்து, இடது காலால் மட்டும் நூறு முறை அடி என்று சொல்லவில்லை. பயிற்சி நேரம் முழுக்க அடுத்த சனிக்கிழமை மேட்ச்சுக்கான தயாரிப்பாகவே போனது. நானும் மேனேஜராக அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர இதைக் கேட்கவில்லை.

வந்த ஆறு பேரில் ஒருத்திக்கு அருமையான இடது கால். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவள் அம்மாவிடமே கேட்டேன். அவர்கள் ஊர் ரெக் அணியில் ஒரு அப்பா, கால்பந்துப் பைத்தியம், வாரம் ஒரு நாள் இடது காலுக்கு என்றே வைத்துவிடுவாராம். எங்கள் கிளப் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கோச் மூன்று வருடத்தில் சொல்லித்தராததை, வேறொரு ஊரில் சம்பளம் வாங்காத ஒருவர் சொல்லித்தந்திருக்கிறார். எங்கள் கிளப் அதை ஆளோடு எடுத்துக்கொண்டது. வெளியாளைக் கொண்டுவருவதில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். ஆள் எடுக்கும் வழி திறந்திருக்கும்வரை, இருக்கும் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியம் யாருக்கும் வருவதில்லை. டிரைஅவுட்டில் "இவளுக்கு இடது கால் இல்லை" என்று எழுதிவிட்டால் முடிந்தது. ஏன் இல்லை என்று கிளப்பை யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, நாட்காட்டி. அமெரிக்காவில் கால்பந்துக்கு 2017-இலிருந்து பிறந்த ஆண்டை வைத்தே வயதுப் பிரிவு இருந்தது. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் ஒரே பிரிவு. என் மகள் 2013 நவம்பரில் பிறந்தவள். நான் பதிவேற்றிய இரண்டு பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்றில் ஜனவரி, இன்னொன்றில் மார்ச். ஜனவரிப் பெண் இவளைவிடப் பத்து மாதம் மூத்தவள். பத்து வயதில் பத்து மாதம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. காலின் நீளத்தில், ஓட்டத்தில், இடித்தால் விழாமல் நிற்பதில் எல்லாம் அது தெரியும். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்து, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி மேல்மட்டத்தில் இருக்கிறார்கள் என்று ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் எழுதியது 1985-இல். சிறு வயதில் மூத்தவளைத் திறமைசாலி என்று எடுக்கிறோம். அவளுக்கு நல்ல பயிற்சியும் அதிக ஆட்டமும் கிடைக்கின்றன. சில வருடத்தில் அவள் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுகிறாள். இது தெரிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பத்து வயதுக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி இன்றைக்கு யார் பெரியவள் என்று பார்த்துத்தான் பிரிக்கிறோம்.

என் நண்பர் ஒருவர், தமிழர்தான், அவர் பையன் கூடைப்பந்து ஆடுகிறான், இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார். "போட்டின்னா அப்படித்தான் அண்ணா. நாம கட்-ஆஃப் பாத்து காலேஜ் சீட் வாங்கலையா? உள்ளூர்ப் பையன்னு அண்ணா யுனிவர்சிட்டில சேத்துக்கிட்டாங்களா?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு பதில் சொன்னேன். கட்-ஆஃப் என்றால் எல்லோரும் ஒரே பரீட்சை எழுதுகிறோம், பரீட்சைக்கு ஐந்து வாரம் முன்பே யாருக்கும் சீட் கொடுத்துவிடுவதில்லை. அது ஒன்று. பதினேழு வயதில் எழுதும் பரீட்சையை நான்காம் வகுப்பில் வைத்தால் நீங்களும் நானும் எங்கே இருந்திருப்போம் என்பது இன்னொன்று. அவர் சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை. பையன் டிராவல் அணியில் நன்றாக ஆடுகிறான். வாரம் மூன்று நாள் ஓட்டிப்போகிறார். அவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. உயரமான பையனுக்கு ஊரில் சரியான அணி இல்லை என்றால் வேறு எங்கே போவார்?

எங்கள் ஊர்ப் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டி நோட்டீஸில் "ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டும்" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அப்படியும் யாராவது வெளியாளை இறக்கிவிடுவார்கள். மாமா வீட்டுக்கு வந்தவன், மச்சான் முறை என்று ஏதாவது சொல்வார்கள். நடு இரவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பெரிய சண்டை நடக்கும். சின்ன வயதில் அந்தச் சண்டை எனக்கு வேடிக்கை. இப்போது யோசித்தால், அங்கே ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. ஊர்ப் பெயரில் இறங்கினால் ஊர் ஆட்கள் ஆட வேண்டும் என்பதை வெளியாளை இறக்கியவர்கள்கூட மறுக்கவில்லை. அவர்கள் சொன்ன பொய்யே அதற்குச் சாட்சி.

அமெரிக்காவில் அந்த வரியை இன்றும் வைத்திருக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய லிட்டில் லீக் பேஸ்பால். ஒவ்வொரு லீகுக்கும் எல்லை வரைபடம் உண்டு. அந்த எல்லைக்குள் வீடோ பள்ளியோ இருக்கும் குழந்தைதான் அங்கே ஆட முடியும், முகவரிக்கு ஆவணங்கள் காட்ட வேண்டும். அங்கேயும் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2014-இல் சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணிச் சிறுவர்கள் அமெரிக்க சாம்பியன் ஆனார்கள். நகரமே கொண்டாடியது. வெள்ளை மாளிகைக்குப் போய் ஒபாமாவைப் பார்த்தார்கள். 2015 பிப்ரவரியில் பட்டம் பறிக்கப்பட்டது. எல்லைக்கு வெளியே இருந்த பிள்ளைகளைச் சேர்ப்பதற்காகப் பெரியவர்கள் வரைபடத்தைப் பொய்யாக மாற்றியிருந்தார்கள். அந்தச் செய்தியில் இன்றைக்கும் மனசைப் பிசைவது ஒன்றுதான். வரைபடத்தைத் தொட்டது பெரியவர்கள், பட்டத்தை இழந்தது பன்னிரண்டு வயதுப் பையன்கள். விதி இருந்தும் இப்படி. எங்கள் கால்பந்து லீகில் அப்படி ஒரு விதியே இல்லை. யாரும் எங்கிருந்தும் வரலாம். கிளப் செய்தது எந்த விதிக்கும் எதிரானது அல்ல.

அப்படியென்றால் ஊருக்கு என்ன உரிமை? இதைத் தேடிக்கொண்டுதான் நகராட்சிக்குப் போனேன். மைதானம் கிளப்புக்குச் சொந்தமில்லை. புல் வெட்டுவது, விளக்குக்கு மின்கட்டணம் கட்டுவது எல்லாம் நகராட்சி, அதாவது எங்கள் சொத்து வரி. எந்த நாளில் எந்த மைதானம் யாருக்கு என்று முடிவு செய்வது ஊர் பொழுதுபோக்குக் குழு. நியூஜெர்சியில் 'ஓப்ரா' என்ற பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. நம் ஊர் ஆர்.டி.ஐ. மாதிரி. விண்ணப்பம் எழுதினால் ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மைதான ஒதுக்கீட்டுக்குக் கிளப் கொடுத்த விண்ணப்பத்தின் நகலைக் கேட்டேன். ஆறாவது நாள் வந்தது.

எங்கள் நகராட்சி விதிப்படி, ஆட்டக்காரர்களில் நான்கில் மூன்று பங்கு உள்ளூர்க்காரர்களாக இருக்கும் அமைப்புக்கு முதல் முன்னுரிமை. விளக்குக் கட்டணமும் கிடையாது. கிளப்பின் விண்ணப்பத்தில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் உள்ளூர் என்று இருந்தது. பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இரண்டு முறை படித்த பிறகு புரிந்தது. எண் சரியாகத்தான் இருந்தது. படிவத்தில் கிளப் முழுவதற்கும் ஒரே கட்டம். ரெக் குழந்தைகளையும் டிராவல் குழந்தைகளையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ரெக்கில் ஐந்து வயது, ஆறு வயது வாண்டுகள் நூற்றுக்கணக்கில். எல்லோரும் உள்ளூர். அவர்கள் தலையை எண்ணித்தான் அந்த முன்னுரிமை.

ஒதுக்கீட்டுப் பட்டியலையும் அதோடு அனுப்பியிருந்தார்கள். விளக்கு போட்ட செயற்கைப் புல் மைதானம் திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை முழுக்க டிராவல் அணிகளுக்கு. ரெக்குக்குச் சனிக்கிழமை காலை, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சாய்வான புல்தரையும் அதற்குப் பக்கத்து மைதானமும். மழை பெய்தால் அந்தப் புல்தரையை மூடிவிடுவார்கள். நிலத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது சின்னக் குழந்தைகள், அந்த நிலத்தில் ஓடுவது வேறு குழந்தைகள். அந்தக் காகிதத்தைச் சமையலறை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இரவு எனக்கு வந்த கோபம் மகளை விலக்கிய மின்னஞ்சலுக்குக்கூட வரவில்லை.

பொழுதுபோக்குக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் உண்டு. 2025 மார்ச்சில் போய்ப் பேசினேன். வெளியூர்க் குழந்தைகளை நுழையவிடாதீர்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கவும் முடியாது. 1961-இல் தொடங்கிய கிரீன் ஏக்கர்ஸ் திட்டத்தின் மாநிலப் பணம் வாங்கிய பூங்காவை ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று பூட்ட முடியாது, அது சரியும்கூட. நான் கேட்டது மூன்று. படிவத்தில் கிளப்புக்கு ஒரு கட்டம் இருப்பதை அணிக்கு ஒரு கட்டம் என்று மாற்றுங்கள். அதோடு முன்னுரிமையும் அணியின் கணக்குப்படி இருக்கட்டும். டிரைஅவுட் அறிவிக்கும்போதே எத்தனை இடம் உண்மையில் காலியாக இருக்கிறது என்று கிளப் எழுதட்டும். எட்டு இடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றால் அதையும் எழுதட்டும், குழந்தை தெரிந்துகொண்டு வரட்டும். பன்னிரண்டு வயதுவரை டிரைஅவுட்டுக்கு வரும் உள்ளூர்க் குழந்தைகளுக்கு ஒரு அணி போதாதென்றால் இரண்டாவது அணி அமைப்பதை மைதான அனுமதிக்கு நிபந்தனையாக வையுங்கள். பன்னிரண்டுக்கு மேல் திறமை முடிவு செய்யட்டும். அதற்குள் வளர வேண்டியவர்கள் ஓரளவு வளர்ந்திருப்பார்கள், மற்றவர்களுக்குத் தங்களுக்கு என்ன பிடிக்கும் என்றாவது தெரிந்திருக்கும்.

கிளப் சார்பில் வந்தவர் மரியாதையாகப் பேசினார். இரண்டாவது அணிக்குக் கோச் கிடைப்பதில்லை, ஊர்ப் பெண்கள் மட்டும் என்றால் அணி கீழ் ஃப்ளைட்டுக்குப் போகும், அப்போது நல்ல ஊர்ப் பெண்களே வெளியே போய்விடுவார்கள் என்றார். அந்தக் கடைசிப் பகுதி உண்மை. ஒரு கிளப் மட்டும் நிறுத்தினால் அது அடிவாங்கும். எல்லா ஊரும் சேர்ந்து நிறுத்த லீக் விதி வேண்டும், லீகை நடத்துவதும் இதே கிளப்புகள்தான். எனக்கு அதற்கு முழுப் பதில் கிடையாது. ஆனால் கோச் கிடைப்பதில்லை என்பதற்குப் பதில் இருந்தது. நான் வருகிறேன் என்றேன்.

அந்த வசந்தத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மூன்று மணி நேரப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தேன். நியூஜெர்சியில் அப்படி ஒரு வகுப்பை முடித்த தன்னார்வக் கோச்சுக்குத்தான் வழக்குகளிலிருந்து சட்டப் பாதுகாப்பு. பாதி காயங்களைப் பற்றி, பாதி குழந்தைகளின் மனதைப் பற்றி. இரண்டாவது பாதியில் நிறையக் குறிப்பு எடுத்தேன். இலையுதிர் பருவத்தில் ரெக் பன்னிரண்டு வயதுப் பெண்கள் அணி எனக்கு வந்தது. பதின்மூன்று பேர். விலக்கப்பட்ட ஐந்து பேரில் என் மகளையும் சேர்த்து மூன்று பேர் அதில். நாலாவது பெண் நீச்சலுக்குப் போய்விட்டாள். ஐந்தாவது பெண் இப்போது எதுவும் ஆடுவதில்லை. அவள் அப்பாவைக் கடையில் பார்த்தால் இரண்டு பேரும் பள்ளியைப் பற்றிப் பேசுகிறோம்.

புதன்கிழமை எங்களுக்கு இடது கால் நாள். நூலகச் சுவருக்கு எதிரே ஆறு ஜோடியாக நிற்பார்கள், மிச்சமிருப்பவளுக்கு நான் ஜோடி. முதல் மூன்று வாரம் பந்து வாகன நிறுத்தத்துக்குத்தான் போனது. அக்டோபர் கடைசியில் ஒரு மேட்ச்சில் என் மகளுக்கு இடது பக்கம் பந்து வந்தது. மாற்றவில்லை. அப்படியே அடித்தாள். நேராகக் கோட்டுக்கு வெளியே போனது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கித் தட்டினேன். எதிரணிப் பெற்றோருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பொழுதுபோக்குக் குழு இந்த ஜனவரியில் படிவத்தை மாற்றியது. அணிக்கு ஒரு கட்டம். முன்னுரிமை விதியை இன்னும் மாற்றவில்லை. மற்ற இரண்டு கோரிக்கைகளும் பரிசீலனையில் இருக்கின்றன.

போன வாரம் அதே கிளப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 2026–27 பருவத்திலிருந்து வயதுப் பிரிவு மாறுகிறது. யு.எஸ். யூத் சாக்கர் உட்பட முக்கிய அமைப்புகள் பள்ளி ஆண்டை ஒட்டி ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 என்று கணக்கை மாற்றிவிட்டன. நவம்பரில் பிறந்தவள், இதுவரை தன் பிரிவில் கடைசியிலிருந்து எண்ண வேண்டியவள், இனி மூத்தவர்களில் ஒருத்தி. அவளோடு ஆடப்போகிறவர்களில் பெரும்பாலோர் 2014-இல் பிறந்தவர்கள். பழைய ஆட்டக்காரர்கள் அனைவரையும் டிரைஅவுட்டுக்கு வரவேற்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எத்தனை இடம் காலி என்று எழுதவில்லை.

மகளிடம் காட்டினேன். முழுவதும் படித்தாள். "நான் போனா, இப்ப அந்த டீம்ல இருக்கிற யாராவது வெளிய போவாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"போகலாம்மா."

"ஊர்ப் பொண்ணா, வெளியூர்ப் பொண்ணா?"

"தெரியாதும்மா."

ரெண்டு நாள் யோசிக்கணும் என்றாள். இன்றோடு நாலு நாள் ஆகிறது. டிரைஅவுட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் மறுபடி கேட்கவில்லை.